இரண்டாவது அம்பு

முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அன்பர்கள் சிலர் மனம் வருந்திக் கூறுவதுண்டு: ‘சுவாமி, புண் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. தரையில் அமர முடியவில்லை. ஜபமும் தியானமும் நின்றுவிட்டன.’

இவர்கள் பகவான் புத்தரை நினைத்துப் பார்க்க வேண்டும். கபிலவஸ்துவில் சாக்கியர்கள் கட்டிய புதிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் அறம் உரைத்த அவர், தமக்கு முதுகு வலிப்பதாகக் கூறி, உபதேசத்தைத் தொடருமாறு ஆனந்தரைப் பணித்தார்; மேலாடையை நான்காக மடித்து விரித்து வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தார். பாலி நூல்கள் இதை மறைக்கவில்லை. ஞானியின் உடலுக்கும் வலி உண்டு. அவரது மனம் அதனால் கலங்குவதில்லை என்பதே வேறுபாடு.

உடலின் வலி முதல் அம்பு. அதனால் மனம் துயருறுவது இரண்டாவது அம்பு என்று அவரே உவமை கூறியுள்ளார். முதல் அம்புக்கு மருத்துவர் இருக்கிறார். அவர் தரும் மருந்தையும், விதிக்கும் பயிற்சியையும் தவறாமல் ஏற்பது பக்திக் குறைவு ஆகாது. இரண்டாவது அம்பை நாமே பிடுங்க வேண்டும்.

பதஞ்சலி முனிவர் ஆசனத்திற்கு வகுத்த இலக்கணம் உறுதியும் சுகமுமே. பத்மாசனத்தை அவர் கட்டாயமாக்கவில்லை. ஆகவே நாற்காலியில் அமர்ந்து ஜபியுங்கள். அதுவும் இயலாத நாளில் படுத்தபடியே இறைவனை நினையுங்கள். முதுகு வளைய மறுக்கலாம். உள்ளம் வளைந்து பணிந்தால் அவனுக்கு அதுவே போதும்.