வாய்தாக்களில் வளர்ந்த பிள்ளை

தாலி உறவு முறிந்தாலும் ஜீவனாம்சம், பிள்ளை என்று வழக்குகள் தொடர்கின்றன. நாக்பூரில் ஒரு தாய் 2013 செப்டம்பரில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்கச் சொல்கிறது சட்டம். குடும்பநல நீதிமன்ற உத்தரவு வந்ததோ 2015 ஆகஸ்டில். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2020 நவம்பரில். அதற்குள் அவருடைய கைக்குழந்தை பள்ளிப் பிள்ளையாகிவிட்டான். எத்தனை கொடுமை!

மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்று அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் வகுத்தது. மணவிலக்குப் பெற்று, மறுமணம் செய்யாத பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம்.

வழக்கு இழுத்தால் நம் பக்கமும் இழப்புதான்: கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வாய்தாவுக்குப் புதுச்சேரி போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. கணவன், மனைவி இருவருமே வக்கீலிடம் முதலில் சமரசத்துக்கு வழி கேளுங்கள். பிள்ளையின் செலவை மட்டும் தீர்ப்புக்காகக் காக்க வைக்காதீர்கள்.