வேலை பார்த்துக்கொண்டே

பொதுத் தேர்வு முடிவுகள் வந்த மறுநாள் நமது தினசரிகளில் ஒரு புகைப்படம் இடம் பெறும். கேட்டரிங் வேலைக்குப் போன பையன், வீடு வீடாகப் பேப்பர் போட்டவன், பரோட்டாக் கடையில் மேசை துடைத்தவன். 'வேலை பார்த்துக்கொண்டே படித்துச் சாதனை.' 2017ல் தமிழக அரசு தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. இந்தப் புகைப்படம் நிற்கவில்லை. நமக்கு அது தேவைப்படுகிறது. எதற்காக என்பதே கேள்வி.

அந்த வாக்கியத்தின் பொய் 'கொண்டே'யில் இருக்கிறது. இரு செயல்கள் ஒரே சமயத்தில் நிகழ்வதைச் சொல்லும் பிரயோகம் அது: பாடிக்கொண்டே நடந்தான். பந்தியில் சாம்பார் வாளியோடு நகர்கிறவன் அப்போது படிப்பதில்லை. வரவேற்பின் கடைசிப் பந்தி முடிந்து, இலை எடுத்து, மண்டபத்து மூலையில் படுத்து, விடியுமுன் டிபன் பந்திக்கு எழுகிறான். படிப்பு இதற்குள் எங்கும் இல்லை. தூக்கத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. 'கொண்டே' இந்த வெட்டை மறைத்து, பற்றாக்குறையை ஒரு லாவகமாக்கிக் காட்டுகிறது.

ஜாதியும் முகமும் தெரியாமல் திருத்தப்படும் விடைத்தாள் நமது சமூகத்தில் சாதாரண விஷயமல்ல. அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எல்லோருக்கும் மூன்று மணி நேரம் அளந்து தரும் அந்த நியாயத்துக்கு, முந்திய பத்து மாதங்களின் மணிக்கணக்கு தெரியாது. திருத்துபவர் ஆளைப் பார்க்காதது நேர்மை. புகைப்படத்தை ரசிக்கும் நாம் பார்க்காமலிருப்பது வேறு ரகம். அதே பந்தியில் வாளி தூக்கி, 35 மதிப்பெண் எட்டாமல் போனவனுக்கு எதிரான சாட்சியாக ஜெயித்தவனை நிறுத்துகிறோம். 'இவனால் முடிந்ததே?'

இங்கே அப்துல் கலாமின் பெயர் வரும். யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைச் சேகரித்த சிறுவன். உண்மைதான். ஆனால் அது உயர்நிலைப் பள்ளிக்கு முந்தியது. யுத்தம் முடிந்தபின் அவர் ராமநாதபுரம் சென்று, வீட்டைவிட்டுத் தங்கிப் படித்தார். உதாரணமாக்கப்படும்போது இந்தப் பாதி உதிர்ந்துவிடுகிறது.

பசி படிப்பைப் பாதிக்கும் என்பதை இந்த மாநிலம் ஏற்றுக்கொண்டது. 1956ல் மதிய உணவு, 1982ல் சத்துணவு, 2022ல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. நேரமின்மையும் ஒரு பசி என்ற பிரக்ஞை மட்டும் நமக்கு வரவில்லை.

வேலையை விட்டுவிடு என்று அந்தப் பையனிடம் சொல்ல நமக்கு யோக்யதை கிடையாது. கூலி வீட்டு வாடகைக்குப் போகிறது. சமயத்தில் அவனது கோனார் உரைக்கும். வேலையும் ஒரு கல்விதானே என்று சிலர் ஆரம்பிப்பார்கள். 1953ல் ராஜாஜி அப்படித்தான் ஆரம்பித்தார்: கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்து, 1954ல் காமராஜ் ஆட்சி அதைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள், யாருடைய பிள்ளையின் நேரம் பறிபோகிறது என்பதைச் சரியாகவே பார்த்தார்கள். வாசலில் தடுத்தது கொல்லை வழியாக வந்திருக்கிறது. 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் செய்த திருத்தம், 14 வயதுக்குட்பட்டவர்களும் பள்ளி நேரத்துக்குப் பிறகு, அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. பள்ளி மணி அடித்ததும் படிப்பு முடிந்துவிடுகிறது என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. தறி வீட்டில் தார் சுற்றும் பிள்ளைக்கு அப்போதுதான் வேலையே தொடங்குகிறது. 14 தாண்டியவர்களுக்கோ அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை.

பெண்பிள்ளைகள் இந்தப் புகைப்பட வரிசையில் அபூர்வம். தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, சோறு வடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவளை வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் அதற்குக் கூடமாட ஒத்தாசை என்று பெயர். சட்டமும் 'உதவி' என்றுதான் சொல்கிறது.