அது வெறும் பொம்மைதானே?

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ், அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

ஓர் இளைஞர் கேட்டார்: "ஹஜ்ரத், நான் விளையாடும் வீடியோ கேமில் நிர்வாணக் காட்சிகள் வருகின்றன. அது உண்மையான பெண் இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்த பொம்மை. கேமில் நூறு பேரைச் சுடுகிறோம், அதனால் கொலைகாரர்கள் ஆகிவிடவில்லையே! இது மட்டும் எப்படிப் பாவமாகும்?"

திட்டி அனுப்ப வேண்டிய கேள்வி அல்ல இது. விபச்சாரத்திற்கே அனுமதி கேட்டு வந்த வாலிபரையும் நபி (ஸல்) அவர்கள் விரட்டவில்லை. அருகில் அழைத்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு விரும்புவாயா என்று கேட்டுப் புரியவைத்து, அவருக்காக துஆவும் செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி வருகிறது.

மார்க்கம் விளையாட்டையே வெறுக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி வைத்து விளையாடியதை, நபியவர்கள் மறைத்து நிற்க, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்தார்கள். புகாரி, முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். கேமில் சுடுகிறீர்கள். அதுவும் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள்: பிணம் இல்லை, ரத்தம் இல்லை. அந்தக் கொலை பொய். நிர்வாணக் காட்சி அப்படியா? வரைந்த உடல் பொய்தான். அதைப் பார்த்த கண் பொய்யா? உள்ளத்தில் கிளம்பிய ஆசை பொய்யா? ஸ்விட்சை அணைத்த பிறகும் அது உள்ளேயே இருக்கிறது. தூக்கத்தில் வருகிறது, தொழுகையில் தக்பீர் கட்டியதும் வந்து நிற்கிறது.

சூரத்துந் நூரின் 30ஆவது வசனத்தைக் கவனியுங்கள். பார்வையைத் தாழ்த்தும்படி முஃமினான ஆண்களுக்குக் கட்டளையிடும் அல்லாஹ், அதுவே அவர்களுக்குப் பரிசுத்தமானது என்கிறான். யாருக்கு? பார்க்கிறவருக்கு! எதிரே உண்மையான பெண் இல்லை என்பதால், பார்க்கிறவரின் கல்பு அழுக்காகாமல் போய்விடுமா?

இன்னொன்று. எதிர்பாராமல் விழும் பார்வையைப் பற்றி ஜரீர் (ரலி) அவர்கள் கேட்டபோது, பார்வையைத் திருப்பிக்கொள்ளும்படி நபியவர்கள் ஏவினார்கள். முஸ்லிமில் உள்ள செய்தி இது. சினிமாவில் காட்சி தானாக வந்து விழலாம். 2013இல் வெளியான 'ஜிடிஏ 5' கேமில் ஆபாச நடன விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியை ஓட்டிச் செல்வது யார்? உள்ளே நுழைவது யார்? உங்கள் விரல் அல்லவா? இதை எதிர்பாராத பார்வை என்று சொல்ல முடியுமா?

அதே வரிசையில் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் ஒரு பாலுறவுக் காட்சி ஒளிந்திருந்தது 2005இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தரச்சான்று வாரியம் உடனே அதை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று மாற்றியது. பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தின. அந்த கேமில் துப்பாக்கிச் சூடு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதற்கு யாரும் அதைக் கடையிலிருந்து எடுக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

"எனக்கு 18 ஆகிவிட்டது" என்று சிலர் சொல்லலாம். உலகச் சட்டம் அந்த வயதில் கதவைத் திறந்துவிடுகிறது. மார்க்கமோ பருவ வயதில் கேள்விக் கணக்கைத் தொடங்குகிறது; கப்ரு வரை அதை மூடுவதில்லை.

தந்தைமார்களே! நீங்கள் வாங்கித் தரும் கேமின் அட்டையில் வயது எழுதியிருக்கிறது, படித்தீர்களா? 'சைபர்பங்க் 2077' போன்றவற்றில் நிர்வாணத்தை மறைக்கும் செட்டிங்கே இருக்கிறது. அது முழுப் பாதுகாப்பு அல்ல, விட்டுவிடுவதே மேல். மகனைக் கண்டிக்கும் முன், நம் கையிலுள்ள போனில் இரவு எதைப் பார்க்கிறோம் என்பதையும் யோசிப்போம். நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர்; நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பார்வைகளையும் எங்கள் பிள்ளைகளின் பார்வைகளையும் பாதுகாப்பாயாக! தனிமையிலும் உன்னை அஞ்சும் உள்ளத்தைத் தருவாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.