மறைத்த கடவுச்சீட்டு

2024 மே 8ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால் சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சர் டயனா கமகே நாடாளுமன்ற ஆசனத்தை இழந்தார். அவர் பிரித்தானியப் பிரஜை, ஆகவே உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்றது மன்று. வெளிநாட்டாரை வரவேற்கும் அமைச்சில் இது நடந்தது ஒரு வேடிக்கை. சுவிஸ் பிரஜாவுரிமையும் வைத்திருந்த கீதா குமாரசிங்க 2017இல் இப்படித்தான் வெளியேறினார். இரட்டைப் பிரஜைகளுக்கு அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் பூட்டிய நாடாளுமன்றக் கதவை 2020இல் 20ஆவது திருத்தம் திறந்தது. அமெரிக்கப் பிரஜையுமான பஸில் ராஜபக்ஷ அதன் வழியே நிதியமைச்சரானார். 2022இல் 21ஆவது திருத்தம் மீண்டும் பூட்டியது.

கொழும்பில் நடந்ததுதானே என்று மன்னாரில் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஆவணி மடுத் திருவிழாவுக்குப் பேசாலைக்கும் வங்காலைக்கும் வந்து இறங்கும் உறவுகளில் பலரிடம் இரண்டு கடவுச்சீட்டு உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டின் பிரஜையாகிறவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை அற்றுப்போகிறது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் விண்ணப்பித்து இரட்டைப் பிரஜாவுரிமை பெறலாம். அப்படிப் பெற்றவர் கட்டுநாயக்கவில் இலங்கைக் கடவுச்சீட்டையும் ரொறன்ரோவில் கனடியக் கடவுச்சீட்டையும் நீட்டுவதில் எந்தப் பிழையுமில்லை. விண்ணப்பிக்காமலே பழைய கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, புதுப்பிக்கும் படிவத்தில் வேறு பிரஜாவுரிமை இல்லை என்று எழுதுகிறவரின் கதை வேறு. விசாக் கட்டணம் மிச்சம். வெளிநாட்டாருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டமும் தன்னைத் தொடாது என்பது அவர் கணக்கு. கேட்டால், "எல்லாரும் செய்யிறதுதானே" என்பார்.

எல்லாரும் செய்தாலும் அது பொய்தான். இரண்டு நாட்டுக்கு உரியவராக இருப்பது பாவமன்று. ஒன்றை ஒளித்து மற்றதன் பயனை அனுபவிப்பதே பாவம்.

வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார்; அதற்கு முன்னதாகவே கள்ளாமையில், பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ளலாம் என்று மனத்தால் எண்ணுவதையும் குற்றத்தில் சேர்த்தார். பெரியபுராணத்தில் முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை வைத்து மெய்ப்பொருள் நாயனாரிடம் போனான். நாயனார் வேடத்தை மதித்து வணங்கினார்; அந்த மதிப்பே கொலைகாரனுக்கு வழிவிட்டது. கடவுச்சீட்டும் நம்பிக்கையின் பேரில் மதிக்கப்படும் ஏடு. அதற்குள் பொய்யை வைப்பவர் அதை மதிக்கும் எல்லோரையும் ஏமாற்றுகிறார்.

மன்னார் மறைமாவட்டத்தின் பங்குகளில் பிள்ளைகளும் அறிந்த கதை புனித பவுலுடையது. தர்சு நகரத்து யூதர், உரோமைக் குடிமகனும்கூட. எருசலேமில் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது நூற்றுவர் தலைவனிடம் தன் உரோமைக் குடியுரிமையைச் சொன்னார், அடி நின்றது. யூதன் என்பதையும் தர்சுக்காரன் என்பதையும் சற்று முன்னர்தான் அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இரண்டு உரிமையும் அறிவித்த பிறகே அவருக்குப் பயன்பட்டன. கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு அழைத்து உலகமே நம் ஊர் என்று வாதிடுவோர் ஒன்றைக் கவனிக்கட்டும்: எல்லா ஊரையும் தனதாக்கிய அந்தப் புலவர் பூங்குன்றத்தைப் பெயரிலேயே சுமந்து திரிந்தார்.

இந்த அரசிடம் உண்மை பேச நமக்கென்ன கடன் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1948இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதும், 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் அவர்களைத் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேற்றியதும் இதே அரசு. 1990இல் இந்தக் கரையிலிருந்து கடவுச்சீட்டே இல்லாமல் படகேறியோர் பலர். உயிர் தப்பச் சொன்ன பொய்யை, தீமையில்லாத நன்மை தரும் பொய்க்கு இடம்கொடுத்த வள்ளுவரும் மன்னிப்பார். விசாக் காசு மிச்சம் பிடிக்கச் சொன்னதற்கு அந்த மன்னிப்பைக் கேட்க முடியாது.

ஏனென்றால் அதன் பாரம் வேறு முதுகில் விழுகிறது. 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டில் அகதியாக வாழ்ந்த ஒரு முதியவர், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு ஊர் திரும்பியபோது பலாலியில் கைதானார். அன்று முறையான வழியில் நாட்டைவிட்டுப் போகவில்லை என்பது குற்றமாம். போர்க்காலத்தில் எந்த முறையான வழி இருந்தது? திருத்த வேண்டிய சட்டம் அது. ஆனால் தமிழர் நீட்டும் காகிதத்தையெல்லாம் சந்தேகத்தோடு புரட்டும் அதிகாரிக்கு, மறைத்துப் பிடிபடும் ஒவ்வொருவரும் ஒரு சாக்கு. இரண்டு கடவுச்சீட்டு உள்ளவர் பொய் சொல்ல, ஒன்றுமே இல்லாதவர் விசாரிக்கப்படுகிறார்.

இரட்டைப் பிரஜாவுரிமைக் கட்டணம் இலட்சக்கணக்கில் இருக்கிறது. அதைக் குறைக்கும்படி குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு மனு எழுதலாம். எழுதுகிறவர் இரண்டு கடவுச்சீட்டின் இலக்கங்களையும் அதில் குறிப்பிடட்டும்.