எவர் பொருளை எவர் கொடுப்பது?

சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் பழைய பட்டுப்புடவைகளை விலைக்குக் கேட்டு வரும் வியாபாரிகளை வாசகர்கள் கண்டிருக்கலாம். அவர்களுக்குப் பட்டு தேவையன்று; சரிகையே தேவை. சூரத்திலிருந்து வரும் அசல் சரிகை, பட்டு நூலின்மீது மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. முந்தானை ஓரத்தைச் சுரண்டி, உள்ளே சிவந்த நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எடை போடுவார்கள். புடவை நெருப்புக்குப் போகும், வெள்ளி மிஞ்சும்.

அத்தகைய ஒருவரைச் சென்ற ஆண்டு நாமும் நம் வாசலில் நிறுத்தினோம்.

ஐம்பதைக் கடந்தபின், வீட்டுச் சாமான்களைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வதென முடிவு செய்திருந்தோம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பொருள் என்பது கணக்கு. திருமறையின் 107ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்மாஊன்’ என்று பெயர். சட்டி, வாளி, கோடரி போன்று அண்டை வீட்டார் இரவல் கேட்கும் எளிய பொருள்கள் என அச்சொல்லுக்கு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். அவற்றைக்கூட மறுப்போரை இறைவன் கண்டிக்கின்றான் என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை ஓதிக்கொடுத்த நமக்கு, பரணில் கவிழ்ந்து கிடந்த பித்தளை அண்டா உறுத்தலாயிற்று. அது ஓர் ஏழை வீட்டு நிகாஹ் சமையலுக்குப் போயிற்று. திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். தேக்சாக்கள், தாம்பாளம், தையல் இயந்திரம் என ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. உள்ளம் இலேசாயிற்று. உண்மையைச் சொன்னால், சற்றுப் பெருமையும் வந்தது.

பிறகு நிகாஹ் புடவையின் முறை வந்தது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை வேலை அது. முப்பதாண்டு மடிப்பில் உடல் நைந்துபோயிருந்தும் கரை பிரியவில்லை. வியாபாரி தராசை எடுக்கும்போது, கதவுக்குப் பின்னிருந்து நம் துணைவியார் அமைதியாகக் கேட்டார்: “இதுவரை போனவை எல்லாம் என் தாய்வீட்டுச் சீர். உங்கள் கிதாபு அலமாரியிலிருந்து ஒன்றாவது போயிற்றா?”

வியாபாரியை அனுப்பிவிட்டோம்.

மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது; கணவனுக்கு அதில் உரிமையில்லை. ஃபிக்ஹுப் பாடத்தில் இதை விளக்கிச் சொல்லும் நாமே இதை மறந்தோம். புடவை நாம் எடுத்துக்கொடுத்ததுதான். ஆயினும் கொடுத்த அன்றே அது நம்முடையதாக இல்லாமற்போயிற்று. நேசிப்பதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துடைய வசனம் அருளப்பட்டபோது, அபூ தல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தை ஈந்தார்கள். அது அவர்களுடைய தோட்டம். ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றுத் தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்ய விரும்பியபோதோ, மூன்றில் ஒன்றே அதிகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். கொடுப்பவனின் சொந்தப் பொருளிலேயே வாரிசுகளின் பங்கு நினைக்கப்பட்டதென்றால், பிறர் பொருளில் நமக்கு என்ன தாராளம்?

சிறிது சிறிதாக விடுவதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. வலிக்காத முனையிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு பொருளும் பிறரைக் கேட்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியதாகத் தோன்றும். அண்டாவைப் பற்றித் துணைவியாரிடம் மன்னிப்புக் கேட்டோம். “கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்” என்றார். தையல் இயந்திரத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

புடவை இப்போது அவருடைய பெட்டியில், அவருடைய சாவியின்கீழ் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கணக்கு நம் அலமாரிக்கு மாறியிருக்கிறது. இலக்கண நூலான அல்ஃபிய்யா இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றை ஒரு மாணவருக்குக் கொடுத்தோம். அது எளிதாகவே இருந்தது. அடுத்து இருப்பது, ஓதிய காலத்தில் ஓரமெல்லாம் நம் கையால் குறிப்பெழுதிய தஃப்ஸீர் ஜலாலைன். நான்கு வெள்ளிக்கிழமைகளாக அதை எடுத்துத் தூசி தட்டி, மீண்டும் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.