தாமோதரன் காட்டும் தாய்க்கடன்

தாமல் க்ஷேத்ரத்தில் எழுந்தருளியுள்ள ஸ்ரீதாமோதரன், தன்னைப் பெறாத யசோதைப் பிராட்டியின் கயிற்றுக்குக் கட்டுண்டவன். அத்திருநாமமே வளர்த்தவளால் வந்ததன்றோ! ஸ்ரீராமனும், ராவண வதத்துக்குப்பின் காட்சி தந்த தசரதனிடம், கைகேயியைத் துறந்த சொல்லை மீட்டருள வேண்டினான்.

தந்தை பரமபதித்தபின் சொத்துக்காகச் சிற்றன்னையை வாசலில் நிறுத்தும் மக்கள் இதனைச் சிந்திக்கக் கடவர். உயிலின்றி அவர் விட்டுச்சென்ற சுயார்ஜிதத்தில், முறைப்படி மணந்த மனைவிக்கும் மக்களுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம். மகப்பேறற்ற மாற்றாந்தாய் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவளாயின், அவளையும் தாயென்றே கொண்டு காக்கச் சொல்கிறது அவ்வாண்டின் ஜீவனாம்சச் சட்டம். மூத்தாள் மக்களின் பங்கை மறைப்பதும் சிற்றன்னைக்கு அதர்மமே.

பாகம் பிரிக்குமுன் அவளை ஸேவித்து, அவள் பங்கை அவள் கையில் அளிப்பீராக. தாமோதரன் திருவடிகளே சரணம்.