முஸாபிரா? முகீமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு தொடங்குகிறோம்.

கடல் கடந்து பொருள் தேடுவது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே நாகூர், காயல்பட்டினம் வரை நீளும் இக்கடற்கரையில், மரக்கலமேறி வாணிபம் செய்தவர் வழிவந்த குடும்பங்கள் ஏராளம். நம் பாட்டனார் காலத்தில் பர்மாவும் மலாயாவும். பிறகு வளைகுடா நாடுகள். இன்று நம் பிள்ளைகளின் பார்வை கிழக்கே கொரியா வரை நீண்டிருக்கிறது. 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய – கொரியப் பொருளாதார ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியத் தகுதியும் பெற்ற இந்தியர் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியராகப் பணிபுரிய வழி திறந்துவிட்டது.

இப்படிப் புறப்படும் பிள்ளைகளிடம் ஓர் எண்ணம் குடிகொள்வதைப் பார்க்கிறோம். “ஒரு வருஷ ஒப்பந்தம்தானே! நாம் முஸாபிர்தானே! தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம், விட்டுப்போனதை ஊர் திரும்பிக் களாச் செய்துகொள்ளலாம்” என்பதே அந்த எண்ணம். பிரயாணம் என்ற சொல்லின் நிழலில் மார்க்கமே நழுவிப்போகும் அபாயம் இதில் இருக்கிறது. ஆகவே முஸாபிர் யார், முகீம் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பிரயாணிக்கு நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்க அனுமதி தந்தது அல்லாஹ்வின் கிருபை. ஆனால் அந்தச் சலுகைக்கு எல்லை உண்டு. போய்ச் சேரும் ஊரில், வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத்து வைத்துவிட்டால் அவர் முகீம் ஆகிவிடுகிறார் என்பது ஷாபியீ மத்ஹபு. ஹனபீ மத்ஹபில் அந்த எல்லை பதினைந்து நாட்கள். ஒரு வருஷம் பாடம் நடத்துவதாகக் கையெழுத்திட்டுச் செல்பவர் எந்த மத்ஹபின்படியும் முஸாபிர் அல்லர். விமானத்திலும், வழியில் மாறும் விமான நிலையத்திலும் அவர் பிரயாணி. தம் பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் இறங்கியதும் அவர் ஊர்வாசி. அங்கே லுஹர் நான்கு ரக்அத்துத்தான்.

தொழுவதற்கு வழியில்லையே என்பார்கள். வழி இருக்கிறது. கொரியாவிலிருந்தும் கிப்லா ஏறத்தாழ மேற்கே. நம் ஊரில் முகம் திருப்பிய திசைதான். குளிர்காலத்தில் பகல் குறுகும். டிசம்பரில் சியோல் நகரில் மாலை ஐந்தேகால் மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். லுஹரும் அஸரும் பள்ளி நேரத்துக்குள் வந்துவிடுவதால், மதிய உணவு இடைவேளையையும் வகுப்பு முடிந்த நேரத்தையும் முன்னதாகவே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். உறைபனிக் குளிரில் கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கிக் கழுவ இயலாதவருக்கு, உளுவோடு அணிந்த தோல் காலுறையின்மீது மஸஹு செய்ய அனுமதி உண்டு. அதிலும் கவனியுங்கள்: முஸாபிருக்கு மூன்று பகல் மூன்று இரவு, முகீமுக்கு ஒரு பகல் ஓர் இரவு. இங்கும் அவர் முகீமின் கணக்கையே கொள்ள வேண்டும்.

ஜும்ஆ நடைபெறும் ஊரில் தங்கியிருக்கும் முகீமான ஆண்மீது ஜும்ஆ கடமை. சியோலில் 1976 முதலும் பூசானில் 1980 முதலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் பேசும்போதே வெள்ளிக்கிழமை மதியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஜும்ஆ இல்லாத சிற்றூரில் அமர்ந்தவர் லுஹரைத் தொழுதுகொள்வார்.

அந்தப் பள்ளிவாசல்கள் எப்படி வந்தன தெரியுமா? 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போருக்குத் துருக்கிப் படையினர் வந்தார்கள். போர்க்களத்திலும் அவர்கள் தொழுதார்கள். அதைக் கண்டும், அவர்களுடன் வந்த இமாம்களிடம் கேட்டும் கொரியர் சிலர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். “சண்டைக்கு வந்த இடத்தில் தொழுகை எதற்கு” என்று அவர்கள் இருந்திருந்தால்?

முகீம் என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொழுகையில் ஊர்வாசி என்றால், கடமையிலும் ஊர்வாசிதான். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. இறங்கிய 90 நாட்களுக்குள் அந்நாட்டு அலுவலகத்தில் அயல்நாட்டார் பதிவைச் செய்துகொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் வீடுகளில் தனிப்பாடம் நடத்துவது அங்கே சட்டவிரோதம். விசாவின் நிபந்தனையை ஏற்றுச் சென்றவர் அதை மறைவாக மீறிச் சேர்க்கும் பணத்தில் பரக்கத்து எங்கிருந்து வரும்? சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வருஷம் முடியுமுன் சொல்லாமல் இரவோடிரவாக ஊர் திரும்புவது அமானத்துக்கு மோசம் செய்வதாகும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது உப்பு விளையும் இந்தக் கரையில் பிறந்தவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உணவிலும் விழிப்பு வேண்டும். பன்றி இறைச்சி அங்கே சாதாரணம். குழம்பிலும் சாறிலும்கூடக் கலந்திருக்கும். வேலை முடிந்து எல்லோரும் கூடி உண்ணும் விருந்தில் மதுக் கோப்பை சுற்றி வரும். நாலாம் விருந்தில் நெளிவதைவிட, “எங்கள் மார்க்கம் இதைத் தடுத்திருக்கிறது” என்று முதல் நாளே புன்முறுவலோடு சொல்லிவிடுவது மேல். பெரியவர் முன் தலையைச் சற்றுத் தாழ்த்துவது அவர்கள் மரியாதை, அதைச் செய்யலாம். ருகூவின் அளவுக்கு முதுகை வளைப்பதோ அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. அந்தக் குழந்தைகளும் தகப்பனை “அப்பா” என்றே அழைக்கிறார்கள். அவர்களிடம் அன்பு காட்டுவது கஷ்டமா என்ன?

மாற்று மதத்தாரிடையே கற்பித்து வாழ்வது கூடுமா என்று ஐயுறுவோரும் உண்டு. பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்தார் சிலர், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அனுமதித்தார்கள். அயலாரின் மொழியைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். எழுத்துக்கும் மொழிக்கும் மதவேலி இல்லை. ஹபஷா நாட்டுக்கு ஹிஜ்ரத்துச் சென்ற ஜஃபர் (ரலி) அவர்களும் தோழர்களும் கிறிஸ்தவ மன்னரின் ஆட்சியில் பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, ஹிஜ்ரி 7ல்தான் மதீனா சேர்ந்தார்கள். அத்தனை காலமும் ஈமானைக் காத்தார்கள். தங்க இடம் தந்த மன்னருக்கு நன்றியோடும் இருந்தார்கள்.

அயலூரில் வாழ்வதென்றால் என்ன என்பதற்கு நம் அருகிலேயே ஒரு காட்சி உண்டு. விழுப்புரம் மாவட்டத்து இடையஞ்சாவடியை அடுத்து, 1968 பிப்ரவரி 28ல் ஆரோவில் தொடங்கப்பட்டது. பல தேசத்தார் வந்து குடியேறினார்கள். அவர்கள் கொள்கை வேறு, நம் மார்க்கம் வேறு. ஆனால் மழைநீர் அரித்த செம்மண் பொட்டலில் கரை கட்டி, மரக்கன்று நட்டு, நீர் ஊற்றி வளர்த்தார்களே, அதை இடையஞ்சாவடியார் கண்ணாரக் கண்டார்கள். வழிப்போக்கன் மரம் நடுவதில்லை. இங்கே வாழ்கிறோம் என்று எண்ணியவனே நடுவான். முஃமின் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ உண்டால் அது அவனுக்குத் தர்மம் என்பது நாயகவாக்கு அல்லவா?

“உலகத்தில் வழிப்போக்கனைப் போல் இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்களே” என்று கேட்பீர்கள். உண்மைதான். அந்தப் போதனை உள்ளத்தின் ஆசையைக் குறுக்கச் சொன்னது. கடமையைக் குறுக்கச் சொன்னதல்ல. ஆசையில் முஸாபிராக இரு. கடமையில் முகீமாக இரு. இன்று பலரிடம் இது தலைகீழாகிவிட்டது: ஆசையோ நூறு வருஷத்துக்கு; தொழுகைக்கு மட்டும் “வந்து பார்த்துக்கொள்வோம்”. திரும்பி வருவோம் என்பதற்கு உத்தரவாதம் தந்தவர் யார்? ஒப்பந்தத்தில் வருஷக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது; ஆயுளின் கணக்கு அதில் இல்லை.

பிள்ளையை அனுப்பும் பெற்றோரே! பெட்டியில் ஊறுகாய் வைக்கும்போது ஒரு முஸல்லாவையும் வையுங்கள். தொலைபேசியில் பேசும்போது, பணம் வந்ததா என்று கேட்குமுன் சுபுஹு தொழுதாயா என்று கேளுங்கள்.

எந்த மண்ணில் தங்கினாலும் அந்த மண்ணுக்கு நன்மையாகவும், தன் தீனுக்கு உண்மையாகவும் வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.